நூல் தந்த கைகளுக்கும் அவிழ்த்துக் காட்டிய கைகளுக்கும்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கிளினிக்குகளுக்கு வரும் தாய்மாருக்காகப் பின்னிய மெல்லிய குரோஷே (கொக்கி ஊசியால் பின்னும்) போர்வைகளைக் கொடுத்து முடித்துவிட்டோம். வாங்கியவர்கள் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். அதில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டபடியால் பெயரை விட்டுவிட்டு, செய்த உதவியை மட்டும் விவரமாக எழுதுகிறோம். இனிப் பின்னப் போகிறவர்களுக்கு அது கைகொடுக்கும்.

முதல் நன்றி மருதமுனைத் தறிக்காரக் காக்காமாருக்கு (அண்ணன்மாருக்கு). அக்ரிலிக் ஊல் மலிவு, நிறமும் விதம்விதமாகக் கிடைக்கும். ஆனால் எங்கள் பக்கத்துக் கச்சான் காற்று வெக்கைக்கு அது ஆகாது. வேர்வையை உறிஞ்சாமல் பிள்ளையின் உடம்போடு ஒட்டிக் கசகசக்கும். பருத்திதான் வேண்டும். நெய்து மிஞ்சிய 20ஆம் நம்பர் இரட்டைப்புரி நூலைக் கோன் கோனாக எடுத்துத் தந்தார்கள். தனி இழையாக அது குரோஷேக்கு மிக மெல்லிசு. 5 இழை சேர்த்தால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வரும். 4 ப்ளை என்று கடையில் விற்கிற நூலின் தடிப்புக்குக் கிட்டத்தட்டச் சரி. சும்மா சேர்த்துப் பிடித்துப் பின்னினால் ஊசி நாலு இழையை இழுத்து ஒன்றை விட்டுவிடும், விட்டது வெளியே வளையமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகவே ராட்டையில் லேசாக முறுக்கித் தந்தார்கள். முறுக்குக் கூடினாலும் கேடுதான், நூல் விறைத்துப் போர்வை துவளாது. கஞ்சி போட்ட நூலைச் சுடுதண்ணியில் அலசிக் காயவிட்ட பிறகே முறுக்க வேண்டும், சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்ன புத்திதான். கடும் சிவப்பும் கருநீலமும் அந்தச் சோதனையிலேயே கழிந்துபோயின.

காத்தான்குடிக் கடைக்காரருக்கும் நன்றி. 4 மில்லிமீற்றரிலும் 4.5 மில்லிமீற்றரிலும் வழுவழுப்பான அலுமினிய ஊசிகளைத் தேடி எடுத்துத் தந்தார். பருத்தி நூல் பிளாஸ்டிக் ஊசியில் பிடிபட்டுப் பிடிபட்டுத்தான் வரும்.

கல்லடிப் பெரியம்மாமாரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பிழைத்த துண்டை வாங்கி, பிழை எந்த வரியில் தொடங்கியது என்று காட்டி, அதுவரைக்கும் அவிழ்த்துக் கையில் தந்துவிடுவார்கள். மிச்சம் பின்னுகிறவர் பாடு. அவர்கள் திருத்தித் தந்த கணக்கு இது. போர்வை 75 சென்ரிமீற்றர் சதுரம், நூல் 200 கிராம், ஓரத்துக்கும் மாதிரித் துண்டுக்கும் கையிருப்பாக இன்னும் 50. போர்வை முழுக்க வி வடிவமாகப் பின்னுவது. ஒரு வி என்பது ஒரே இடத்தில் ஒரு ட்ரெபிள், ஒரு செயின், ஒரு ட்ரெபிள். (ட்ரெபிள் என்று இங்கே சொல்வது ஊசியில் நூலை ஒரு முறை சுற்றி எடுப்பதை. அமெரிக்க மாதிரிகளில் அதையே டபிள் என்று போட்டிருப்பார்கள், கவனம். கீழே டபிள் குரோஷே என்று வருவது நூலைச் சுற்றாமல் குத்தி எடுப்பது, அமெரிக்க மாதிரிகளில் சிங்கிள்.)

4.5 ஊசியால் 138 செயின் போட்டு, அதன்பின் 4 ஊசிக்கு மாறுங்கள். அடிச் செயின் இறுகினால் மேலே எவ்வளவு நன்றாகப் பின்னினாலும் அடி சுருங்கிப் போர்வை விசிறி மாதிரி விரியும். பெரிய ஊசி அதற்குத்தான். முதல் வரி, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு டபிள் குரோஷே, மொத்தம் 137. இரண்டாம் வரிக்கு 3 செயின் ஏற்றுங்கள், அதுவே முதல் ட்ரெபிள். பிறகு ஒன்று விட்டு, அடுத்ததில் ஒரு வி, ஒன்று விட்டு. இப்படியே போனால் 45 வி வரும். கடைசிக் கண்ணியில் ஒரு ட்ரெபிள். மூன்றாம் வரியிலிருந்து அதேபோல 3 செயின் ஏற்றி, கீழ் வி-யின் நடுத் துளையில் ஒவ்வொரு வி, ஓரத்தில் ஒரு ட்ரெபிள், அவ்வளவுதான். 66 வரி அளவில் சதுரமாகும். 10 சென்ரிமீற்றரில் 6 வி வராவிட்டால் ஊசியை மாற்றுங்கள், கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். பத்து வரிக்குள் கை பழைய குணத்துக்குத் திரும்பிவிடும்.

பிழை பெரும்பாலும் ஓரத்தில்தான். கடைசி ட்ரெபிளை முந்தைய வரியின் 3 செயினில் மூன்றாவதில் குத்த வேண்டும். அது சரிந்து கிடப்பதால் கண்ணில் படாது. விட்டால் பக்கம் உள்ளே இழுபடும், செயினுக்கும் வி-க்கும் இடையிலுள்ள சந்தில் குத்தினால் ஓரத்தில் ஓட்டை விழும். பத்து வரிக்கு ஒருதரம் வி-யை எண்ணுங்கள்.

சுற்று ஓரத்துக்கு, மேலும் கீழும் வி ஒன்றுக்கு 3 டபிள் குரோஷே, பக்கத்தில் வரி ஒன்றுக்கு 2, மூலையில் 3. ஓரம் நெளிந்தால் கண்ணி கூடிவிட்டது, மூலை குவிந்தால் குறைந்துவிட்டது. மொத்தத்தை 4ஆல் மீதியில்லாமல் பிரிபடும்படி ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு சிப்பி ஓரம் போடலாம்: ஒன்று விட்டு, அடுத்ததில் 3 ட்ரெபிள், ஒன்று விட்டு, அடுத்ததில் ஒரு டபிள் குரோஷே. வடிவாக இருக்குமென்று 5 ட்ரெபிள் போடுகிறவர்கள் உண்டு. இந்த இடைவெளிக்கு 5 கூட, ஓரம் அலையும்.

கிளினிக் மிஸ்ஸிமாருக்கு (தாதிமாருக்கு) நாங்கள் நிறையவே கடமைப்பட்டிருக்கிறோம். வி-யின் நடுச் செயினை இரண்டாக்கித் துளையைப் பெரிதாக்க வேண்டாம் என்றார்கள், பிள்ளையின் விரல் நுழைந்து சிக்கும். மணி, ரிப்பன், குஞ்சம் ஒன்றும் கூடாது. புது நூல் சேர்க்க வரியின் நடுவில் முடிச்சுப் போட்டால் அது உறுத்தும், பருத்தி வழுக்கி அவிழவும் செய்யும். ஓரத்தில்தான் மாற்ற வேண்டும். 15 சென்ரிமீற்றர் வால் விட்டு, இழைகளை இரண்டு பங்காகப் பிரித்து எதிரெதிர்த் திசையில் ட்ரெபிள்களின் அடியில் கோத்துவிடுங்கள். தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் நிற்கும். இன்னுமொன்றை ஒவ்வொரு தாய்க்கும் அவர்களே வாயால் சொல்லிக் கொடுத்தார்கள்: இது தூக்கி வைத்திருக்கும்போதும் வெளியே கொண்டுபோகும்போதும் போர்த்த மட்டும். ஒரு வயது ஆகும்வரை ஏணையிலோ தொட்டிலிலோ தூங்கும் பிள்ளையோடு தளர்ந்த போர்வை வைக்கக் கூடாது, முகத்தை மூடிவிடும்.

துவைத்த போர்வையைத் திரும்பக் கொண்டுவந்து காட்டிய தாய்மாரே, உங்களுக்குத் தனி நன்றி. புதிதில் எல்லாப் போர்வையும் அழகுதான், துவைத்தால்தான் சங்கதி தெரியும். ஈரத்தோடு கொடியில் தொங்கப் போட்டால் தண்ணீர்ப் பாரத்தில் நீண்டு சதுரம் நீள்சதுரமாகிறது என்பது நீங்கள் காட்டியது. முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அழுத்தி, பாயில் விரித்து நாலு மூலையையும் அளவுக்கு இழுத்துவிட்டு நிழலில் காயவையுங்கள். மாரியில் உள்ளே ஃபேனுக்குக் கீழே விரித்தால் பூஞ்சண வாடை பிடிக்காது. காவித் தண்ணி வருகிற கிணறென்றால் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணி எடுங்கள், காவித் தண்ணியில் வெள்ளை நூல் சீக்கிரமே மஞ்சளாகும்.

மிஞ்சிய நூல் கொஞ்சம் இருக்கிறது. முறுக்கியது, சாயம் பார்த்தது. பின்னத் தெரிந்தவர்கள் கேட்டால் தருவோம்; ஊசி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, கல்முனைப் பகுதியில் குரோஷே பின்னும் நாங்கள்