செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமது சிமெண்ட் ஆடுகளம் பாசி பிடித்துக் கிடந்த மாலைகளில், இளைய ஆட்டக்காரர்களை அறைக்குள் அமர்த்தி, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச்சின் ஆட்ட வாழ்வை விளக்கிச் சொன்னோம். மயிலாடுதுறைப் பிள்ளைகளுக்கு அவர் எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில், 3,667 புள்ளிகள் எடுத்தவர் அவர், ஆட்டத்துக்கு 44.2 என்ற சராசரி. அக்காலத்தில் அங்கு, தொலைவிலிருந்து எறிந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி தரும் கோடே கிடையாது; முதலாமாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடவும் விதி இடம் தரவில்லை. ஐந்து பருவங்கள் ஆடிய மற்றொரு கல்லூரி வீரர் அன்டுவான் டேவிஸ் 2023இல் 3,664 புள்ளிகளோடு நின்றுவிட்டதை நினைத்தால், ஆடவர் பிரிவில் அச்சாதனையின் உயரம் புரியும். மகளிர் பிரிவில் ஆடிய கெய்ட்லின் கிளார்க் 2024இல் அவ்வெண்ணிக்கையைக் கடந்தபோது நமது பெண் பிள்ளைகள் கொண்ட மகிழ்ச்சியையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆயினும் பிள்ளைகளின் மனத்தில் நின்றது எண்ணிக்கையன்று, பயிற்சியே. பயிற்சியாளரான தந்தை காரை ஓட்ட, அதன் வேகம் கூடவும் குறையவும், ஜன்னல் வழியே கை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டிப் பழகியவர் மாராவிச். மழை ஓய்ந்த பின், வீட்டிலிருந்து ஆடுகளம் வரை இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டே வரும் சிறுவர்களை நானே பார்த்தேன். மூத்தவரின் கேள்விக்கு என் விடை அதுவே.

குறையையும் மறைக்காமல் சொன்னோம்: அம்மூன்று பருவங்களில் ஒருமுறைகூட அவரது அணி, கல்லூரி அணிகளின் முதன்மையான தேசியப் பட்டப் போட்டிக்கு (NCAA) தகுதி பெறவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் 1977 பிப்ரவரி 25 அன்று நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 68 புள்ளிகள் குவித்தார். அடுத்த ஆண்டே முழங்கால் காயம் அவரைத் தளர்த்தியது.

1988 ஜனவரி 5 அன்று, நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோதே, 40 வயதில் சரிந்து இறந்தார். இதயத்தின் இடப்பக்கத் தமனி பிறவியிலேயே அவருக்கு இல்லை என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதைக் கேட்டு அறை முழுதும் அடங்கிப்போயிற்று. ஒரு தாயார் மறுநாளே வந்து, தம் மகனை மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டார்.

ஆகவே, கோடைப் போட்டியில் ஆடவிருக்கும் ஒவ்வொருவரையும் முன்கூட்டியே இதயப் பரிசோதனைக்கு அனுப்புவதென்றும், அதன் செலவைக் கழகமே ஏற்பதென்றும் நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.