கார்டை நிறுத்தும் முன் ஆளைக் கேளுங்கள்

தமிழ்நாடு மின் ஆளுமை முகமையினருக்கு வணக்கம். ரேஷனும் உதவித்தொகையும் யாருக்கு என்று மென்பொருளை வைத்து முடிவெடுப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

தெலங்கானாவில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் பல துறைகளின் தரவுகளைக் கோத்து, பெயரையும் முகவரியையும் பொருத்திப் பார்த்து, இந்தக் குடும்பத்திடம் கார் இருக்கிறது, அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது என்று சொல்லும். ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரையே கார் சொந்தக்காரர் என்று அது காட்டியதில் அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் நின்றுபோனது. அந்த மாநிலத்தில் ரத்தாகியிருந்த சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் முருகன் சுப்பையா, ரேஷன் கார்டில் சு. முருகன், பத்திரத்தில் சுப்பையா மகன் முருகன். ஒரே ஊராட்சியில் அப்படி மூன்று பேர் இருப்பார்கள், ஒருவரிடம் டிராக்டர் இருக்கும், இன்னொருவர் அதே டிராக்டரைக் கூலிக்கு ஓட்டுவார். யார் எவர் என்று தலையாரி நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துப் பொருத்தம்தான்.

2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தவர்களை நிராகரித்தபோது காரணத்தை எஸ்எம்எஸ்ஸில் சொன்னார்கள், 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ‘கார் இருக்கிறது’ என்று மட்டும் வந்தால், கார் இல்லாத பெண் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுவார்? வண்டியின் பதிவு எண்ணைச் சொல்ல வேண்டியது துறைதானே?

உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்களைக் கணினி வைத்துக் கண்டுபிடிக்க வந்த ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ திட்டமும் இங்கேதான் சறுக்கியது. ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு இருவாரமும் ஒரே வருமானம் வந்ததாக வைத்துக்கொண்டு, உதவித்தொகை வாங்கியவர்களிடம் ‘நீ கடன்பட்டிருக்கிறாய், இல்லையென்றால் நிரூபி’ என்றார்கள். அது சட்டவிரோதம் என்று முடிவானது, 2023-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கையும் அதைக் கடுமையாகச் சாடியது. பழைய சம்பளச் சீட்டைத் தேடி அலைந்த ஏழைகளின் அலைச்சலை யார் திருப்பிக் கொடுப்பார்?

கடைசியில் ஓர் அதிகாரி பார்த்துத்தான் கையெழுத்திடுகிறார் என்று சொல்லாதீர்கள். மேசையில் கோப்பு குவிந்து கிடக்கும்போது திரை சொன்னதைத்தான் அவரும் சொல்வார், மாற்றிச் சொன்னால் ஏன் என்று மேலிடத்துக்கு அவர்தான் விளக்கம் எழுத வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். திரையை மீறி முடிவெடுக்கும் அதிகாரிக்குத் துணை நிற்கும் உத்தரவு ஒன்று வேண்டும்.

2020-ல் தமிழ்நாடு வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில், எந்த அமைப்பையும் மக்களிடம் விடும் முன் பாரபட்சம், தனியுரிமை, வெளிப்படைத்தன்மை போன்றவற்றை அளக்கும் ‘டீப்-மேக்ஸ்’ மதிப்பெண் அட்டையில் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த மதிப்பெண்ணைத் தமிழில் வெளியிடுங்கள். அதோடு, எத்தனை பேரை நிறுத்தினீர்கள், மேல்முறையீட்டில் எத்தனை பேருக்குத் திரும்பக் கிடைத்தது என்பதையும் மாவட்டவாரியாகப் போடுங்கள். அப்புறம் ஒன்று, மேல்முறையீடு முடியும் வரை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அரிசியும் பணமும் நிற்கக் கூடாது. இதை அரசாணையிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப அட்டைதாரர்