பழுது கரிமருந்தில் இல்லை, பொருத்தத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பழைய சுழல் கைத்துப்பாக்கிகள் பற்றிய கட்டுரையில் ஒரு பிழை. கேப் (அடித்தால் தீப்பொறி கக்கும் சிறு செம்பு மூடி) வைத்துச் சுடும் ரிவால்வர் நாலு குண்டுக்குள் முடங்கிவிடும், கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) என்றாலே அப்படித்தான் என்று எழுதியிருக்கிறது. முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளில் இன்றும் இந்த வகைக்கு 25 மீட்டரில் தனிப் பிரிவு உண்டு. அரை மணி நேரத்தில் 13 குண்டு சுட வேண்டும். நாலு குண்டில் நின்றுபோகிற சாமானோடு அங்கே யாரும் போக மாட்டார்கள். கோளாறு பாகங்களின் பொருத்தத்தில் இருக்கிறது. ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் எவ்வளவு ப்ளே (இடைவெளி) வேண்டும் என்று அறிந்த கோவை மோட்டார் பட்டறைக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

அடிக்கடி வரும் தொல்லை, வெடித்த கேப் குதிரைக்கு (கேப்பை அடிக்கும் சுத்திக்கு) அடியில் சிக்கிக்கொள்வது. கேப்பை மாட்டும் முனையான நிப்பிளின் துளை தேய்ந்து 1 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால், சுழலும் சிலிண்டரில் மருந்தும் குண்டும் இருக்கும் அறைக்குள் எழும் அழுத்தம் அதன் வழியே பின்னால் சீறிக் குதிரையையே தூக்கிவிடும். கேப் கிழிந்து, அதன் செம்புத் துண்டு குதிரை ஓடும் பள்ளத்தில் விழும். 0.7 மி.மீ. துளையுள்ள நல்ல நிப்பிள்களை மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். விசை லேசாக இருக்கட்டும் என்று மெயின் ஸ்பிரிங்கைத் தேய்த்து மெலிதாக்குகிறார்களே, அதைச் செய்யவே கூடாது. குதிரையை அழுத்திப் பிடிப்பதே அந்த ஸ்பிரிங்தான். குதிரையின் முகத்தில் உள்ள வெட்டுப்பள்ளம் கிழிந்த கேப்பைக் கவ்விப் பின்னால் இழுத்து வரும். அதன் விளிம்புப் பிசிறை வழித்துவிட வேண்டும். குதிரை ஓடும் பள்ளத்தின் நடுவே சிறு எஃகு முளை ஒன்றை நிறுத்தினால் துண்டு உள்ளே இறங்காது.

முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடித்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். கேப் முழுதும் இறங்காமல் நின்றிருக்கிறது. முதல் அடி அதை இறக்கவே செலவாகிவிட்டது. கேப்பின் அளவு 10ஆம் எண்ணா, 11ஆம் எண்ணா என்று நிப்பிளுக்குப் பொருந்தப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றையும் மரக்குச்சியால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும்.

அடுத்தது 1851 நேவி ரிவால்வர் போன்ற கோல்ட் கம்பெனி வகைக்கே உரிய கோளாறு. அதில் குழலைச் சட்டத்தோடு (ஃபிரேமோடு) பிடித்து வைப்பது சிலிண்டரின் நடு அச்சும், குறுக்கே அடிக்கும் ஆப்பும்தான். அச்சின் நுனி குழலடிப் பொந்தின் அடித்தளத்தைத் தொட்டு நிற்க வேண்டும். இன்றைய பிரதிகள் பலவற்றில் அது எட்டுவதில்லை. ஆப்பை இறுக்கினால் குழல் சாய்ந்து சிலிண்டர் சிக்கும், தளர்த்தினால் இடைவெளி அகலும். சோதிப்பது எளிது: ஆப்பையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு, குழலைப் பக்கவாட்டில் திருப்பி அச்சில் முட்டும்வரை தள்ளுங்கள். குழலின் கீழ்ப்பகுதி சட்டத்தின் முகத்தைத் தாண்டிப் பின்னால் வந்தால் அச்சு குட்டை. பொந்துக்குள் மெல்லிய ஷிம் வாஷர் போட்டு அந்தக் குறையை நிரப்பலாம். பிறகு ஆப்பை எவ்வளவு அடித்தாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) சுமார் 0.1 மி.மீ. காட்ட வேண்டும்.

எரிந்த கரிமருந்தில் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 1858 ரெமிங்டன் ரிவால்வரின் அச்சு மெலிது, கிரீஸ் நிற்கக் காடியும் இல்லை. அதனால் சீக்கிரம் இறுகும். இதற்கு மோட்டார் கிரீஸ் ஆகாது, கசடோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடும். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் சரிபாதி உருக்கிக் கலந்தது போதும். ஈரோட்டுச் சித்திரை வெயிலுக்கு மெழுகை இரண்டு பங்காக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டின் மேல் பூசியது உருகி மருந்துக்குள் இறங்கிவிடும். சுட்டு முடித்த அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன் மருந்தில்லாத அறைகளின் நிப்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு கேப் வெடித்தால் அந்த எண்ணெய் எரிந்து வழி திறக்கும்.

ஒரு அறை சுடும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிப்பதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. 36 காலிபருக்கு (குழலின் துளை அளவு) 0.375 அங்குலம், 44க்கு 0.451 அல்லது 0.454 அங்குலம், கலப்பில்லாத ஈயக் குண்டு. அழுத்தி இறக்கும்போது அறை வாயில் மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். வளையம் விழாத குண்டு அறையை அடைக்காது. தளர்ந்த கேப்பும் இதே ஆபத்தைக் கொண்டுவரும்.

இத்தனையும் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறை என்று கொடுத்தால் இருவரும் குற்றவாளிகள். தாத்தா காலத்து அசல் துப்பாக்கியால் சுடவே வேண்டாம். அதன் உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் குதிரையைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கழித்தும் பிடிக்கும். அறைகளில் ஏதாவது ஒன்று இன்னும் கெட்டித்தபடியே இருக்கலாம்.

இப்படிக்கு,
துப்பாக்கி பழுதுபார்ப்போர் இருவர்,
ஈரோடு.