ஒரு நீராலையின் வரலாற்றை எழுத உதவியவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களே,

வணக்கம். பிரஷ்ய நாட்டின் நொய்மார்க் பகுதியில், பொம்மெர்ட்ஸிக் என்னும் சிற்றூரில் இருந்த 'கிரெப்ஸ்மூலே' என்ற பழைய நீராலையின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். தொடங்கியபோது என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு ஏழை ஆலைக்காரனுக்காக அரசர் நீதிபதிகளைச் சிறையில் அடைத்தார் என்ற ஒற்றை வரிச் செய்திதான். அந்த வரியை நம்பி நான் எழுதிய முதல் படியைப் படித்து, அதில் எத்தனை பிழைகள் என்று பொறுமையாகச் சுட்டிக்காட்டியவர்களுக்கே இம்மடலை எழுதுகிறேன்.

வழக்கை அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். கிறிஸ்டியான் ஆர்னோல்ட் அந்த ஆலையைப் பரம்பரைக் குத்தகையில் நடத்திவந்தார். குத்தகை சேரவேண்டியது ஷ்மெட்டாவ் பிரபுவுக்கு. 1770-இல், ஓடையின் மேல்பகுதியில் நிலம் வைத்திருந்த மாவட்ட ஆட்சியர் ஃபொன் கெர்ஸ்டோர்ஃப் தம் நிலத்தில் கெண்டைமீன் குளங்களை வெட்டினார். தண்ணீர் போய்விட்டது, ஆலை ஓடவில்லை, ஆகவே குத்தகை தர இயலாது என்றார் ஆர்னோல்ட். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 1778-இல் ஆலை ஏலம் போயிற்று. ஆர்னோல்டும் அவர் மனைவி ரோஸினேவும் ஓயாமல் மனுப்போட, 1779 டிசம்பர் 11 அன்று அரசர் இரண்டாம் ஃபிரெடரிக், பெர்லின் உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் மூவரை நேரில் வரவழைத்துக் கடிந்துகொண்டு காவலில் வைத்தார். தலைமை நீதியமைச்சர் ஃபொன் ஃபூர்ஸ்டை அங்கேயே பதவியிலிருந்து நீக்கினார். குற்றவியல் துறையைக் கவனித்த அமைச்சர் ஸெட்லிட்ஸ் அந்த நீதிபதிகளுக்குத் தண்டனை விதிக்க மறுத்துவிட்டதால், அரசரே தண்டனையை அறிவிக்க நேர்ந்தது.

முதலாவது நன்றி, பெர்லினில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. போட்ஸ்டாமில் சான்சுசி அரண்மனைக்கு அருகே உள்ள காற்றாலையைப் பற்றி, 'பெர்லினில் இன்னும் உயர்நீதிமன்றம் இருக்கிறது' என்று ஆலைக்காரன் அரசரிடமே துணிந்து சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அது கதை மட்டுமே. ஆர்னோல்டின் வழக்கோ நடந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து நான் எழுதியிருந்ததைப் பார்த்து அவர் சிரித்தார். பிறகு பழைய ஜெர்மன் கையெழுத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எனக்குக் கற்பித்தார். அதில் 'e'யும் 'n'உம் இரட்டைப் பிள்ளைகள்போல் இருப்பதால், ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. அந்த மாலைகளை அவர் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார்.

அடுத்து, நன்றியோடு மன்னிப்பும் கேட்கவேண்டிய ஒருவர் இருக்கிறார். ஜெர்மனியில் 1994 முதல் ஆண்டுதோறும் பெந்தகோஸ்து திருநாளின் மறுநாளான திங்கட்கிழமையை ஆலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். மூடிக்கிடக்கும் பழைய ஆலைகள் பலவும் அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. அத்தகைய ஓர் ஆலையில், வரிசையில் காத்திருந்த கூட்டத்தையும் மறந்து, அந்த முதிய ஆலைக்காரரை இரண்டு மணி நேரம் பிடித்துவைத்துக்கொண்டேன். தண்ணீர் சக்கரத்தின் உச்சியில் விழுந்து, பெட்டிகளை நிரப்பி, தன் எடையாலேயே சக்கரத்தைச் சுற்றுவது ஒரு வகை; அடியில் ஓடும் நீர் பலகைகளைத் தள்ளிச் சுற்றுவது மற்றொரு வகை. அதே அளவு நீரிலிருந்து முதல்வகைச் சக்கரம் ஏறத்தாழ இருமடங்கு வேலை வாங்கும் என்பதை ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-இலேயே சோதித்து எழுதியிருக்கிறார். இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் பெரியவர் மதகைச் சிறிது சிறிதாக இறக்கிக் காட்டியபோதுதான் விளங்கியது: தண்ணீர் குறையும்போது ஆலை உடனே நின்றுவிடுவதில்லை. முதலில் மேல்கல்லின் வேகம் தளர்கிறது, மாவு சீராக வருவதில்லை, கல்லில் விழும் தானியத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அக்காலத்து ஆலைக்காரருக்குக் கூலி பெரும்பாலும் அரைத்த தானியத்தில் ஒரு பங்கு. அரைப்பது குறைந்தால் பங்கும் குறையும். குத்தகை மட்டும் குறையாது. 'ஆலை ஓடியதா, ஓடவில்லையா' என்று நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்வி எவ்வளவு மொட்டையானது என்பதை அன்று உணர்ந்தேன்.

அவரே மறுபக்கத்தையும் சொன்னார். குளம் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை; நிரம்பிய பிறகு, ஆவியாவதும் கசிவதும் போக, வந்த நீர் வெளியேறத்தான் வேண்டும். நிரப்பும் காலத்தில் எவ்வளவு நீரைத் தடுத்தார்கள், எந்தப் பருவத்தில் தடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. குளங்களுக்கும் ஆர்னோல்டின் ஆலைக்கும் இடையே இருந்த மரம் அறுக்கும் ஆலை தடையின்றி ஓடியதாக வழக்கில் கூறப்பட்டிருப்பதை நான் சொன்னதும், அவர் புருவத்தை உயர்த்தினார். 'கடைமடை' என்ற நம் சொல்லை அவருக்கு விளக்கினேன். ஜெர்மன் மொழியில் அதற்கு நேர்ச்சொல் தேடி இருவரும் தோற்றோம்.

என் முதல் படியில் அரசரை வானளாவப் புகழ்ந்திருந்தேன். சட்டம் படித்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கங்களின் ஓரமெல்லாம் சிவப்பு மையால் நிரப்பி அனுப்பினார். தம் நிலத்தின் வழியே ஓடும் தனியார் ஓடையை நில உரிமையாளர் பயன்படுத்தலாம் என்பதே அன்றைய சட்டம். தண்ணீரைத் தடுத்தவர் கெர்ஸ்டோர்ஃப் என்றால், ஷ்மெட்டாவுக்கு உரிய குத்தகையை ஏன் நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பிச்சைக்காரனும் அரசரைப் போல் ஒரு மனிதனே என்று ஃபிரெடரிக் கூறியது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் அந்த எண்ணத்தைக் கொண்டு சட்டப்படி தீர்ப்பெழுதிய நீதிபதிகளை ஸ்பாண்டாவ் கோட்டையில் அடைத்தது அநீதி என்றே இப்போது கருதுகிறேன். அரசர் 1786-இல் மறைந்த பிறகு அந்த நீதிபதிகள் குற்றமற்றவர்கள் என அறிவிக்கப்பட்டனர். ஆயினும் ஆர்னோல்ட் பொய் சொன்னார் என்றும் என்னால் எழுத முடியவில்லை. இதில் நண்பருக்கும் எனக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. அந்த அத்தியாயத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

பொம்மெர்ட்ஸிக் இன்று போலந்து நாட்டில், ஓடர் ஆற்றங்கரையில், பொமோர்ஸ்கோ என்ற பெயரில் இருக்கிறது. எனக்காக அங்கு சென்று ஓடைகளின் போக்கைப் படம்பிடித்து அனுப்பிய இளம் தம்பதியருக்கு நன்றி. கெர்ஸ்டோர்ஃபின் ஊரான காய், இன்றைய கியே, 1759-இல் ரஷ்யப் படையிடம் இதே ஃபிரெடரிக்கின் படை தோற்ற இடம் என்பதை அவர்கள் எழுதிய கடிதத்தின் பின்குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அது நூலுக்குத் தேவையில்லை என்றாலும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டேன்.

ஆசிரியையிடம் இரவல் வாங்கிய பழைய நிலப்படத்தைப் பதிவு அஞ்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடித்த இடத்தில் கிழிந்திருந்ததை ஒட்டவில்லை, அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன். உங்கள் அனைவருக்கும் நூலின் படியும், தமிழ் படிக்க இயலாதவர்களுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சுருக்கமும் அடுத்த மாதம் வந்து சேரும். மதகைப் பற்றிய பக்கத்தில் தவறு இருந்தால் பெரியவர் தயங்காமல் எழுத வேண்டும்.

மிக்க நன்றியுடன்,
தங்கள் அன்புள்ள
நூலாசிரியர்