6 அடி மீன்தொட்டிக்குப் போதாத வடிகட்டி, பொருந்தாத மீன்கள்: புகார்

அனுப்புநர்:
பொருளாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கம்,
தமிழ்ப்பள்ளி, சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஈப்போ.

பொருள்: உங்கள் கடையில் வாங்கிய நன்னீர் மீன்தொட்டி குறித்த புகாரும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்தில் வைப்பதற்காக உங்கள் கடையில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட மீன்தொட்டி ஒன்றை வாங்கினோம். ஸ்டாண்டு, வடிகட்டி, ஹீட்டர், விளக்கு, மீன்கள் எல்லாம் சேர்ந்த முழு செட் அது. விலை 4,200 ரிங்கிட். ரசீது என் பெயரில் உள்ளது, நகலை இணைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றைக்கே மீன்களையும் விட்டு, "தயார், இனிமேல் தீனி மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்திற்குள் நியான் டெட்ரா என்ற சிறு மீன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் ஆஸ்கர் என்ற பெரிய மீன் இரண்டும் செத்துவிட்டன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் குறையே இல்லை. 12 மில்லிமீட்டர் கண்ணாடி, ஒட்டு வேலை சுத்தம். தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 700 கிலோவுக்கு மேல் இருக்கும்; ஸ்டாண்டு அசையாமல் தாங்குகிறது. வந்து பொருத்திய தம்பிகளும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். என் புகார் அவர்கள் மேல் இல்லை. அவர்கள் கையில் என்ன சாமானைக் கொடுத்து, என்ன சொல்லி அனுப்பினீர்களோ, அதன் மேல்தான்.

இந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பெற்றோர்களில் பாதிப்பேர் செம்பனைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்கள். அவர்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்தார்கள். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பழைய மாணவர்கள் மீதியைப் போட்டார்கள். பிள்ளைகள் தினமும் இடைவேளையில் வந்து கண்ணாடி முன்னால் நிற்பார்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்ததையும், காலையில் செத்து மிதந்ததையும் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "மீனுக்கு என்ன வலி?" என்று கேட்டாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதாலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலை ஓய்வு பெறும் வரை தோட்டத்து ரப்பர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். மரத்துப் பால் கெட்டியாகிவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்போம். ஆகவே அம்மோனியா என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆலைக் கழிவு நீரை நேராக ஆற்றில் விட முடியாது. குளம் குளமாக ஓட்டி, அங்கே நுண்ணுயிர்கள் தின்று தீர்த்த பிறகுதான் வெளியே விடுவோம். குளத்தை வெட்டிய அன்றைக்கே அந்த வேலை நடந்துவிடாது. நுண்ணுயிர் பெருகும் வரை காத்திருக்க வேண்டும். மீன்தொட்டி வடிகட்டியும் இதே மாதிரிதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். வடிகட்டிக்குள் இருக்கும் பீங்கான் வளையங்களிலும் ஜப்பான் மேட் என்ற வலைப் பாயிலும் ஒட்டி வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அதைவிட எவ்வளவோ கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இவை இரண்டும் போதுமான அளவு வளரப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். உங்கள் ஆள் ஒரு குப்பித் திரவத்தை ஊற்றி, "இதிலேயே பாக்டீரியா இருக்கிறது" என்றார். அப்படிப்பட்ட திரவம் காலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் வேலை நடக்கிறதா என்று தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் சோதிக்கவும் இல்லை, சோதிக்கச் சொல்லவும் இல்லை. 4,200 ரிங்கிட் செட்டில் ஒரு டெஸ்ட் கிட் கிடையாது.

வேறு கடையில் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி நானே பார்த்தேன். அம்மோனியா 4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 4 பங்கு). இருக்க வேண்டிய அளவு பூஜ்யம். பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளவு 7.8. எங்கள் குழாய்த் தண்ணீரைத் தனியே ஒரு பாத்திரத்தில் வைத்துச் சோதித்தால் 7-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் தொட்டியில் மட்டும் ஏன் ஏறியது என்று வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பாதிக்கு மேல் பவளக் கல். பவளக் கல் சுண்ணாம்பு. அது கரையக் கரையத் தண்ணீரின் கடினமும் பி.எச்சும் ஏறும். ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கு அது நல்லது. மென்மையான தண்ணீரில் வாழும் நியான் டெட்ராவுக்கு அதை ஏன் போட்டீர்கள்? இதோடு முடியவில்லை. பி.எச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷத்தன்மை கொண்ட பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. பாக்டீரியா வளராத வடிகட்டியால் அம்மோனியா சேர்ந்தது, அந்த வடிகட்டியில் நீங்கள் போட்ட கல்லே அதன் விஷத்தைக் கூட்டியது.

பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டியில் ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. இவ்வளவு பெரிய தொட்டியில் மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறையாவது தண்ணீர் முழுவதும் வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது மணிக்கு 2,400 லிட்டருக்குக் குறையக்கூடாது. நீங்கள் கொடுத்த பம்பின் பெட்டியில் 1,500 என்று போட்டிருக்கிறது. அதுவே போதாது. அந்த 1,500-ம் உயரமும் தடையும் இல்லாமல் அளந்த எண். இங்கே பம்ப் தண்ணீரைத் தொட்டிக்கு மேலே ஏற்றி, பஞ்சையும் கல்லையும் தாண்டித் தள்ள வேண்டும். வெளியே விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகிறது. மணிக்கு 600 லிட்டர், தேவையில் கால் பங்கு. எங்கள் ஊர் வெப்பத்தில் தண்ணீர் 28, 29 டிகிரியில் நிற்கும். சூடான தண்ணீரில் உயிர்வாயு கரைவதே குறைவு. நீரோட்டமும் இவ்வளவு மந்தமாக இருந்தால் மீன் மேலே வந்து தவிக்காமல் என்ன செய்யும்?

இதே வெப்பத்தை வைத்து இன்னொன்று கேட்கிறேன். சுங்கை சிப்புட்டில் மீன்தொட்டிக்கு ஹீட்டர் எதற்கு? 300 வாட் ஹீட்டருக்குத் தனியாக 180 ரிங்கிட் போட்டிருக்கிறீர்கள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்புகிறோம்.

நியான் டெட்ரா செத்ததும் தொலைபேசியில் அழைத்தேன். "உங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை" என்றார்கள். பள்ளிக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் தாமரை இருக்கிறது. அதில் இருக்கும் கப்பி மீன்கள் இதே குழாய்த் தண்ணீரில்தான் குட்டி போட்டுப் பெருகுகின்றன. அந்தப் படத்தையும் புலனத்தில் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. பிறகு இலவச சர்வீஸ் என்று ஓர் ஆளை அனுப்பினீர்கள். அவர் வடிகட்டியில் இருந்த வளையங்களையும் மேட்டையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினார். பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அது கிருமியைக் கொல்வதற்காகவே போடப்படுவது. அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்த பாக்டீரியாவையும் அது விடாது. கழுவ வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து லேசாக அலசினால் போதும். அதுவும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யக்கூடாது. அவர் போன பிறகு அம்மோனியா மறுபடி ஏறியது. பின்னர் நைட்ரைட் ஏறியது. ஆஸ்கர்கள் செத்தபோது செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது. நைட்ரைட் இரத்தத்தில் கலந்தால் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் போகும். அதன் அடையாளம் அந்தப் பழுப்பு நிறம். அந்த மாணவியின் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் இதுதான்.

இனி மீன்களுக்கு வருகிறேன். "பெரிய தொட்டிக்கு ஏற்ற கலவை" என்று ரசீதில் எழுதியிருக்கிறீர்கள். நியான் டெட்ரா 20, ஆஸ்கர் 2, "ஷார்க்" 6, ரெட் டெயில் கேட்ஃபிஷ் 1, பண்டாராயா (உறிஞ்சும் வாய்க் கெளுத்தி) 2. நியான் டெட்ரா ஆஸ்கருக்கு வாய்க்கு அடக்கமான தீனி. இரண்டையும் ஒரே பையில் கட்டிக் கொடுக்க எப்படி மனம் வந்தது? ஷார்க் என்று நீங்கள் விற்றது பத்தின். நம் நாட்டில் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கிக் குழம்பு வைக்கிற மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, கூட்டமாக நீந்தக்கூடியது. ரெட் டெயில் அமேசான் ஆற்று மீன். அதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும். எங்கள் தொட்டியின் அகலம் 61 சென்டிமீட்டர். வளர்ந்த பிறகு அந்த மீன் திரும்பக்கூட முடியாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நீங்கள் கொடுத்த பண்டாராயா 40 சென்டிமீட்டருக்கு மேல் போகும். அது போடும் கழிவே பெரிது.

நம் பேராக்கில் புக்கிட் மேரா ஏரியின் தங்க அரோவானா உலகம் அறிந்த மீன். உங்கள் கடையில் அரோவானா விற்கும்போது ஒவ்வொன்றுக்கும் உடலில் சிப் வைத்து, சான்றிதழோடு கொடுக்கிறீர்கள். சட்டம் கேட்கிறது, கொடுக்கிறீர்கள். சரி. 30 ரிங்கிட்டுக்கு விற்கும் ரெட் டெயில் எவ்வளவு நீளம் வளரும் என்று கண்ணாடியில் ஒரு துண்டுத் தாளாவது ஒட்டக்கூடாதா?

பெரிதான பிறகு இந்த மீன்களை என்ன செய்வது என்று கேட்டபோது, உங்கள் கடை ஆள் "ஆற்றில் விட்டுவிடுங்கள்" என்றார். இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கோபத்தைத் தந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பண்டாராயா இப்படித்தான் நம் நாட்டு ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. சுங்கை பிளஸ்ஸில் இன்னும் தூண்டில் போடுகிற குடும்பங்கள் எங்களிடம் உண்டு. எங்கள் பிள்ளைகள் கையால் அந்த ஆற்றில் அந்நிய மீனை விடச் சொல்ல மாட்டோம்.

எங்கள் கோரிக்கை இதுதான். மணிக்கு 2,400 லிட்டருக்குக் குறையாமல் உண்மையில் தண்ணீர் ஓடும் வடிகட்டி வேண்டும். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைத்தாலும் சரி, பெரிய கேனிஸ்டர் (வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) இரண்டு வைத்தாலும் சரி. பவளக் கல் இருக்கக்கூடாது. செத்த மீன்களுக்கான பணத்தையும் ஹீட்டர் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். உயிரோடு இருக்கும் பத்தின், ரெட் டெயில், பண்டாராயா ஆகியவற்றை உங்கள் வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு, அதற்குரிய பணத்தையும் தர வேண்டும். உங்களிடம் ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அதிலிருந்து பழைய பஞ்சு கொஞ்சம் எங்கள் புது வடிகட்டிக்குக் கொடுங்கள். பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். மீன் வேண்டாம், இப்போதைக்கு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலைத்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அப்போதும் நம் தீபகற்பத்துச் சதுப்பு நீர்களைச் சேர்ந்த ஹார்லிக்வின் ரஸ்போரா ஒரு கூட்டமும், முத்து கௌராமி சிலவும், அடியில் ஓடும் கூலி லோச் சிலவும் போதும். ரஸ்போரா 5 சென்டிமீட்டரைத் தாண்டாது, கௌராமி 12 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். இவற்றையும் ஒரே நாளில் அல்ல, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுத் தர வேண்டும். அந்த அளவு தண்ணீரில் நூறு ரஸ்போரா ஒன்றாகத் திரும்புவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் கேட்கிறேன், எங்களுக்காக மட்டும் இல்லை. தொட்டி வைத்த அன்றே மீன் விடும் செட் விற்பனையை நிறுத்துங்கள். ஒவ்வொரு மீனும் எவ்வளவு வளரும் என்று எழுதி ஒட்டுங்கள்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் எந்த நோக்கத்திற்காக வாங்கப்பட்டதோ அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 600 லிட்டர் தொட்டிக்கு என்று சொல்லித்தான் இந்த வடிகட்டியை வாங்கினோம். கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுப்போம். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட்தான்; வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அதுவரை போகாமல் நீங்களே வந்து சரி செய்து கொடுப்பதைத்தான் விரும்புகிறோம்.

மிஞ்சிய மீன்களுக்காகத் தினமும் குளோரின் நீக்கிய தண்ணீர் மாற்றி வருகிறோம். ரெட் டெயில் இந்தச் சில வாரத்திலேயே நன்றாக நீண்டுவிட்டது. ஆகவே மீன்களை எடுத்துச் செல்ல முதலில் வண்டியை அனுப்புங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பள்ளி நாட்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு எப்போது வந்தாலும் நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
பொருளாளர்,
பெற்றோர் ஆசிரியர் சங்கம்.

இணைப்பு: ரசீது நகல், தண்ணீர்ப் பரிசோதனைப் படங்கள், வடிகட்டியின் உட்புறப் படம்.