குணாவுக்கு: மோட்டார் சென்னைக்குப் போறதுக்கு முன்னாடி

பட்டர்வொர்த்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள குணா,

உன் மோட்டார்சைக்கிளைக் கப்பல்ல சென்னைக்கு ஏத்தி லடாக் சுத்தப் போறதுக்கு நீ எழுதின டிராஃப்ட் எல்லாம் வந்து சேர்ந்துச்சு. கூடவே ரெண்டு வரி எழுதியிருக்கலாம். பரவாயில்ல, விஷயத்தை உன் அண்ணன் சொன்னான். பேக்கிங் லிஸ்டை ரெண்டு தடவை படிச்சேன். ஸ்பானர் செட்டுக்கு எடை வரைக்கும் போட்டிருக்க. ஃபார்வர்டிங் ஆபீஸ்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்கிற ஆளுங்க கூட இவ்வளவு சுத்தமா போட மாட்டாங்க.

ஆனா பில் ஆஃப் லேடிங், அதான் கப்பல் சரக்கு ரசீது, அந்த டிராஃப்ட்ல ரெண்டு தப்பு. ஃபிரேம் நம்பர்ல பூஜ்யம் வரவேண்டிய இடத்துல ஆங்கில எழுத்து ஓ அடிச்சிருக்க. அந்த 17 இலக்க நம்பர்ல ஓ, ஐ, கியூ மூணு எழுத்தும் வரவே வராது. கெரானை, அதான் வண்டி உரிமைப் பத்திரத்தைப் பாத்து அடிக்காத, ஹேண்டில் கழுத்துல குத்தியிருக்கிறதை டார்ச் அடிச்சுப் பாத்து, போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அடி. இன்ஜின் நம்பரும் அப்படித்தான். ரெண்டாவது, பாஸ்போர்ட்லயும் கெரான்லயும் உன் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/எல் (மலாய்ல 'மகன்') இருக்கு, பில்லுல விட்டுட்ட. நமக்கு அது ஒண்ணுமில்ல. சென்னை கஸ்டம்ஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு அது வேற ஆளு. பாஸ்போர்ட், கெரான், கார்னே (வரி கட்டாம வண்டியைத் தற்காலிகமா வெளிநாடு கொண்டுபோற கஸ்டம்ஸ் புத்தகம்), பில் நாலுலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். கன்சைனியா, அதான் சரக்கை வாங்கிக்கிறவரா, உன் பேரையே போடு. கெரான்ல இன்னும் பேங்க் பேரு இருந்தா வண்டியை வெளிநாடு கொண்டுபோக பேங்க் கடிதம் வேணும். லோன் முடிஞ்சதா இல்லையான்னு நீ சொல்லவே இல்ல.

பெட்டிக்கு வருவோம். எல்சிஎல்ல, அதான் மத்தவங்க சரக்கோட ஒரே கண்டெய்னர்ல போறதுல, கன அளவுக்குத்தான் காசு. உன் ஹிமாலயனை அப்படியே நிக்க வச்சு அடைச்சா 230, 95, 145 சென்டிமீட்டர் வரும், அது 3.17 சிபிஎம் (கன மீட்டர்). முன் சக்கரம், ஹேண்டில், கண்ணாடி, விண்ட்ஸ்கிரீன் கழட்டினா 200, 80, 120க்குள்ள அடக்கலாம், 1.92தான். ஏஜெண்ட் விமானத்துல அனுப்பலாமான்னு கேட்டா அங்க பெட்டி அளவையும் எடையா மாத்திக் காசு கேப்பாங்க, கன சென்டிமீட்டரை 6000ஆல வகுத்துப் பாரு. சின்னப் பெட்டியே 320 கிலோ ஆகுது. பெட்ரோலோட சேத்து வண்டி 199 கிலோதான், பெட்டி எடையைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. காத்துக்குக் காசு கட்டுற வேலை, வேணாம்.

சக்கரத்தைக் கழட்டினதும் பிரேக் பேடுக்கு நடுவுல தடி அட்டையை மடிச்சுச் சொருகு. யாராவது தெரியாம லீவரை அழுத்திட்டா பிஸ்டன் வெளிய வந்து நின்னுடும், அப்புறம் டிஸ்க் உள்ள போகாது. ஏபிஎஸ் வயரை ஃபோர்க்கோட சேத்துக் கட்டு. ஆக்ஸிலை ஃபோர்க்குலயே திரும்ப மாட்டி, அதை அடிப்பலகையோட இறுக்கு. ஹேண்டிலை டேங்க் மேல துணி விரிச்சுப் படுக்க வை, ஆனா பிரேக் ஆயில் டப்பா நிமிந்தே இருக்கணும், சாஞ்சா குழாய்க்குள்ள காத்து போயிடும். ஸ்டாண்டுல நிக்க வச்சுக் கட்டாத. நாலு பக்கமும் ரெச்சட் ஸ்ட்ராப் போடு, ஆனா ஃபோர்க்கை அடிமட்டம் வரைக்கும் அமுக்கிடாத. அத்தனை நாள் அமுங்கிக் கிடந்தா சீல் கசியும். பாதி அமுங்கினா போதும், நடுவுல மரக்கட்டை ஒண்ணு முட்டுக் கொடு. பேட்டரிக்கு முதல்ல நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், ரெண்டு முனையிலயும் டேப். பெட்ரோலை வடிச்சிடு. கப்பல் கணக்குல வண்டி ஆபத்தான சரக்கு, கிளாஸ் 9, யூஎன் 3166; டேங்க் காலியா இருந்து பேட்டரி முனையை மூடியிருந்தா விலக்கு உண்டு, ஏஜெண்ட் எப்படி டிக்ளேர் பண்றான்னு கேட்டு வாங்கு.

பிளாஸ்டிக்கால இறுக்கிச் சுத்தலாம்னு எழுதியிருக்க. வேணாம்பா. பகல்ல கண்டெய்னர் கொதிக்கும், ராத்திரி குளிரும், உள்ள இருக்கிற ஈரம் தண்ணியாகி அந்த பிளாஸ்டிக்குக்குள்ளயே நிக்கும். செயினுக்கும் ஸ்போக்குக்கும் துருத் தடுப்பு எண்ணெய் அடிச்சு, சிலிக்கா ஜெல் பையைத் தொங்கவிட்டு, மேல மட்டும் துணி போடு. பலகையில ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதான் பூச்சி போக சூடேத்தின மரம்னு காட்டுற எச்டி முத்திரை, வெளியில தெரியற மாதிரி இருக்கணும். பழைய பலகையில பெட்டி அடிக்கிறேன்னு சொல்றவன்கிட்ட போகாத.

லிஸ்ட்ல 14வது வரி, சான்றிதழ் ஃபைல். அதைப் பெட்டியில போடாத. கார்னேயில வர்றது வண்டியும் அதோட சாமானும்தான். மத்ததை எல்லாம் பிரிச்சுக் கேள்வி கேப்பாங்க, ஈரமும் ஏறும். லடாக் சுத்திட்டு வர்றதுக்கு அசல் சான்றிதழ் எதுக்குன்னு நான் கேக்கல. ஈரத்துக்குத்தான் சொல்றேன்.

சென்னைப் பக்கச் செலவை இப்பவே எழுத்துல வாங்கு. எல்சிஎல்ல கப்பல் கூலி மலிவா தெரியும், டிஓ (சரக்கை விடுவிக்கிற கடிதம்), சிஎஃப்எஸ் (கண்டெய்னர் கிடங்கு), கையாளுற கூலின்னு அங்க இறங்கினதும்தான் பில் ஏறும். நேரா போற கப்பலா, கொழும்புல இறக்கி ஏத்துறதான்னும் கேளு. கப்பல் போய்ச் சேர்ந்ததை உறுதி பண்ணிக்கிட்டு ஃப்ளைட் ஏறு, ஆனா சேர்ந்தப்புறம் தாமதிக்காத, சரக்கை அங்க வச்சிருக்க தர்ற இலவச நாள் முடிஞ்சா வாடகை ஓடும். கார்னே கிளியரன்ஸுக்கு நீயே பாஸ்போர்ட்டோட போய் நிக்கணும். சாவி ஒண்ணு உன் கையிலயே இருக்கட்டும். ரோட்டுல இறக்குறதுக்கு முன்னாடி அங்கயே தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடு, இங்க எடுத்தது அங்க செல்லாது. ஜேபிஜேல, அதான் சாலைப் போக்குவரத்து இலாகாவுல, அனைத்துலக லைசென்ஸ் எடுத்துட்டியா?

இப்ப கார்னே. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறேன், கோவிச்சுக்காத. ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டு. நுழையும்போது ஒண்ணைக் கிழிச்சுக்குவாங்க, வெளியேறும்போது ஒண்ணு, மேல் துண்டு புத்தகத்துலயே நிக்கும், அதுல ரெண்டு முத்திரையும் விழணும். நேபாளத்துக்குள்ள போயிட்டு மறுபடி இந்தியா வந்தா மூணு பக்கம் போச்சு, அதனால அஞ்சு பக்கப் புத்தகம் பத்தும். கார்னே ஒரு வருஷம் செல்லும், ஆனா இந்தியாவுக்குள்ள வண்டிக்கு ஆறு மாசம்தான், மேல வேணும்னா முன்கூட்டியே கஸ்டம்ஸ்ல நீட்டிப்பு கேக்கணும். வெளியேறும் முத்திரை இல்லைன்னா வண்டியை நீ அங்க வித்துட்டதா எடுத்துக்கிட்டு, வரியை, கார்னே தர்ற ஏஏஎம் (மலேசிய வாகன ஓட்டிகள் சங்கம்)கிட்ட கேப்பாங்க, அவங்க கார்னேக்காக நாம கொடுக்கிற பேங்க் கேரண்டியில கை வைப்பாங்க. அதனால திரும்பி வர்ற கப்பலுக்குப் பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி முத்திரையைக் கண்ணால பாரு. இங்கருந்து போறப்ப கஸ்டம்ஸ்ல போடுற கே2 (ஏற்றுமதி ஃபாரம்) நகலையும் பத்திரமா வை. திரும்பி வர்றப்ப அதைக் காட்டினாத்தான் புது இறக்குமதி இல்லைன்னு ஆகும்.

ஏஜெண்டுக்கு நீ எழுதினதுல போற கப்பல் இருக்கு, திரும்புற கப்பல் இல்ல. அண்ணன் சொல்றான் உன் ஃப்ளைட் டிக்கெட்டும் ஒரு வழிதானாம். தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினப்பவும் ரெண்டு வருஷத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டுத்தான் ஏறினாரு.

மியான்மர் வழியா ஓட்டிக்கிட்டுப் போறது இப்ப நடக்காதுன்னு புரிஞ்சுக்கிட்டு கப்பலைத் தேர்ந்தெடுத்ததுல எனக்குச் சந்தோஷம். உனக்குக் கணக்கு தெரியும், பொறுமையும் உண்டு. சென்னைக்குப் பக்கத்துல செஞ்ச மோட்டாரை இங்கருந்து சென்னைக்கே ஏத்தி அனுப்புறியேன்னு உன் மாமா சிரிக்கிறாரு. சிரிச்சுட்டுப் போகட்டும். ஜூன் மாசத்து விஷயத்தை நான் யார்கிட்டயும் பேசல, உன்கிட்டயும் பேச மாட்டேன். மலர் அத்தை கேட்டப்ப, லீவு போட்டுட்டுப் போறான்னு சொல்லி வச்சிருக்கேன். அது லீவுதானான்னு எனக்குத் தெரிஞ்சா அடுத்த தடவை இன்னும் தைரியமா சொல்லுவேன்.

மணாலி லே ரோடு அக்டோபர் தாண்டினா எப்ப மூடும்னு சொல்ல முடியாது. கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். லேயில ரெண்டு நாள் சும்மா படுத்திருந்துட்டு அப்புறம் ஏறு. நூப்ரா, பாங்காங் பக்கம் வெளிநாட்டுக்காரங்களுக்குப் பெர்மிட் வேணும், நம்ம பாஸ்போர்ட்டுக்கு நீயும் வெளிநாட்டுக்காரன்தான், தமிழ் பேசினா விட்டுட மாட்டாங்க.

பேங்க் கேரண்டி ஃபாரம் என் மேசையிலதான் இருக்கு. என் ஃபிக்ஸட் டெபாசிட்டை வச்சுத் தர்றதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல, அண்ணனுக்கும் சம்மதம். கையெழுத்து மட்டும் இன்னும் போடல. வண்டி எந்த மாசம் திரும்பிக் கப்பல் ஏறும்னு ஏஜெண்ட்கிட்ட எழுதி வாங்கி அனுப்பு. அண்ணன்கிட்ட சொல்லி விடாத, நீயே கூப்பிடு. ராத்திரி பத்து மணிக்கு மேலயும் முழிச்சுத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா