ஐஸ் மெல்லும் சத்தம்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் கேட்டால் "ம்", "சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது உன் கையில் ஒரு டம்ளர் இருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். பேச்சுக்கு நடுவே கறுக் கறுக்கென்று சத்தம். வெளியே பனி கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே ஐஸ் கட்டியை மென்றுகொண்டிருந்தாய். "சும்மாதான்பா, நல்லா இருக்கு" என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நம் தெரு இஸ்திரிக்காரர் பெண் போன மாதம் மயங்கி விழுந்தாள். சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "அரிசி, சாக்பீஸ், ஐஸ், இதெல்லாம் சாப்பிடத் தோணுதாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12க்குக் கீழே போகக் கூடாது. உடம்பில் இரும்புச்சத்து வற்றினால் இப்படி ஆசை வருமாம், அதிலும் ஐஸ் மெல்லும் ஆசை பெரிய அடையாளமாம். மாத்திரை ஆரம்பித்தால் ரத்தம் ஊறுவதற்கு முன்பே, சில நாளிலேயே அந்த ஆசை அடங்கிவிடும் என்றார். எனக்கு இந்த வயதில்தான் இது தெரிகிறது.

ஏப்ரலில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை சொன்னதோடு சரி. ஆனால் அவ்வளவு ரத்தம் போன உடம்பு சீக்கிரம் தேறாது அம்மு. ஒரு மில்லி ரத்தத்தோடு அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. அரை லிட்டர் போனால் 250 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பில் ஒட்டுவதோ நாளைக்கு 1, 2 மில்லிகிராம்தான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நீ, போட்டுப் பார்.

ரத்தம் பார்க்கப் போனால் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாதே. ஃபெரிடின் பார்க்கச் சொல். உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று அதுதான் காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே கையிருப்பு காலியாகியிருக்கலாம். சாப்பிட்ட கையோடு காபி குடிக்காதே. காபியும் டீயும் சாப்பாட்டில் இருக்கும் இரும்பை ஒட்டவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள், நன்றாக ஒட்டும்.

ஆபீசில் உனக்கு விருது கொடுத்த போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன். மேடையில் அம்மா மாதிரியே நிற்கிறாய். கீழ்வீட்டு அத்தைதான் "பொண்ணு உதடு ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சம்பாதிக்கிறாய், ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிட உனக்கு நேரமில்லையா?

நான் கேட்கக் கூடாது. எனக்கு அந்த உரிமை இல்லை. மூன்றாவது படிக்கும்போது அரிசி டிரம் பின்னால் உட்கார்ந்து பல்பம் தின்றாய். வாயோரம் வெள்ளைப் பொடி. ஸ்கேலால் உள்ளங்கையில் அடித்தேன், எட்டு அடி. மறுநாளும் தின்றாய், மறுநாளும் அடித்தேன். பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை பெய்யும் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். மண்டபத்தில் மழை கொட்டியபோது சம்பந்தி வீட்டார் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நீ வயிற்றில் இருந்தபோது அம்மா திருநீற்றை விரலால் தொட்டுத் தொட்டு வாயில் போட்டுக்கொள்வாள். பக்தி என்று நினைத்தேன். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று என் அம்மா சொன்னாள், நான் சும்மா இருந்தேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசம் சோறும் காபியும். அதுதான் அவள் சாப்பாடு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று படித்தேன். என் வீட்டில் இருந்தது இரண்டே பெண்கள். ஒருத்தியையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. அம்மாவிடம் இனிச் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன். அடித்தது தப்பு அம்மு.

திங்கட்கிழமையே போ. ஃபெரிடின், மறக்காதே. மாத்திரை டாக்டர் சொல்கிற அளவில் மட்டும். காபி தள்ளிக் குடி. ரிப்போர்ட் வந்ததும் அந்த ஒரு வரியைப் போட்டோ எடுத்து அனுப்பு. கூட எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா